சந்திராக்காவுக்குப் போட்ட நாற்காலி

போன வாரம் லீவுக்கு வந்திருந்த மருமகள் கூரியரில் ஒரு படுக்கை விரிப்பு வரவழைத்தாள். பெட்டியைப் பிரித்தால் உள்ளே காக்கித்தாள், அதைச் சுற்றிச் சணல் கயிறு, கயிற்றில் கோத்த ஒரு சின்ன அட்டை. கையாலேயே தைத்தது, அன்போடு தைத்தது என்று அட்டையில் அச்சடித்திருந்தார்கள். விரித்துப் பார்த்தேன். பெரிதாக ஒன்றுமில்லை, துண்டு துணிகள். சிவப்பில் ஒரு சதுரம், அதை ஒட்டி மஞ்சளில் ஒன்று, பூப்போட்ட நீலத்தில் ஒன்று.

“எப்படி இருக்கு அத்தே?” என்று கேட்டாள்.

நான் குனிந்து மோந்து பார்த்தேன். கஞ்சி வாசனையும், புதுத்துணியைக் கத்திரித்த இடத்தில் வருமே ஒரு காரல் நெடி, அதுவும். “நல்லா இருக்கும்மா” என்று சொல்லிவிட்டேன். மனதுக்குள் முதலில் வந்து நின்றது ஒரு நாய். அந்த நாய்க்குப் பின்னாலேயே சந்திராக்கா. அவளுக்குப் பின்னால் என் பழைய கோபம், நேற்று அரைத்த மிளகாய் மாதிரி, கொஞ்சமும் காரம் குறையாமல்.

சந்திராக்கா என் ஓரகத்தி. என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. அந்த அண்ணனை நாங்கள் பெரியத்தான் என்போம். நூல் வியாபாரம், நல்ல வசதி, வில்லிபுத்தூரில் வாசம். நாங்கள் ராஜபாளையத்தில், மில்லுக்குப் பின்னால் வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்டிருந்த வீடுகளில் ஒன்றில் இருந்தோம். என் வீட்டுக்காரர் ஸ்பின்னிங் மில்லில் ஷிப்ட் வேலைக்குப் போவார். நான் பேண்டேஜ் துணி செய்யும் ஒரு கம்பெனியில் பேக்கிங்கில் இருந்தேன். நாள் முழுக்க வெள்ளைத் துணியைச் சுருட்டிச் சுருட்டி, கனவில்கூட யாருக்காவது கட்டுப் போட்டுக்கொண்டிருப்பேன்.

பக்கத்து வீட்டில் மும்தாஜ். அவள் வீட்டுக்காரர் தெருமுனையில் நூல், பொத்தான், ஊசி விற்கும் சின்னக் கடை வைத்திருந்தார். மும்தாஜ் தளவாய்புரத்து வியாபாரிகளுக்கு நைட்டி தைத்துக் கொடுப்பாள். அந்த ஊருக்கு நைட்டிதான் பிழைப்பு. கட்டுக் கட்டாக வெட்டிய துணி வரும், தைத்த நைட்டியாகத் திரும்பிப் போகும். வெட்டி மிஞ்சிய துண்டுகள் அவள் வீட்டு மூலையில் மலை மாதிரி குவிந்து கிடக்கும். அவள் மகன் அதற்குள் புகுந்து தூங்கிவிடுவான். தேடுவதற்கு நாங்கள் துணியைத் தோண்ட வேண்டும்.

சந்திராக்கா வில்லிபுத்தூரில் புது வீடு கட்டிப் பால்காய்ப்புக்குச் சொல்லியனுப்பினாள். என்ன கொண்டுபோவது என்று எனக்கு ஒரே யோசனை. குத்துவிளக்கு வேறு யாராவது தருவார்கள், சுவர்க் கடிகாரம் எல்லாரும் தருவார்கள். மும்தாஜ்தான் சொன்னாள்: “இம்புட்டுத் துணி கெடக்கு, ரெண்டு பேரும் சேந்து பெரிய விரிப்பா ஒண்ணு தைப்போம். கடையில தேடினாலும் இப்பிடிக் கெடைக்காது.”

நான் கம்பெனி விட்டு வந்து முகம் கழுவிவிட்டு நேரே அவள் வீட்டுக்குப் போய்விடுவேன். ஒரு மாதச் சாயங்காலங்கள் அதிலேயே போயின. நான் சதுரம் வெட்டி அடுக்குவேன், அவள் மெஷினை மிதிப்பாள். நடுவில் ஒரு கிளி வைத்தோம். வில்லிபுத்தூர்க்காரர்கள் வீட்டுக்குக் கிளி இல்லாமலா என்று அவள்தான் யோசனை சொன்னாள். பச்சை நைட்டித் துணியில் உடம்பு. மூக்குக்குச் சரியான சிவப்புக் கிடைக்காமல் இரண்டு நாள் துண்டு மலையைக் கிளறினாள். “இது சரியா இருக்குமாட்டி? இல்ல, இது மெளகாப்பழம் மாரி இருக்கு” என்று தானே எடுத்துத் தானே எறிவாள். கடைசியில் தன் பழைய ரவிக்கைக் கையிலிருந்து வெட்டிக்கொடுத்தாள்.

பால்காய்ப்பு அன்று சாப்பாடு முடிந்து சொந்தக்காரர்கள் எல்லாம் புது ஹாலில் உட்கார்ந்திருந்தார்கள். சந்திராக்கா நடுவில் சோபாவில் அமர்ந்து ஒவ்வொரு பரிசாகப் பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். எங்களுடையது வந்தது. இரண்டு விரலால் ஒரு முனையைத் தூக்கினாள்.

“ஏட்டி, என்னது இது? தளவாய்புரத்து நைட்டித் துண்டா? நைட்டியே வாங்க முடியலையா ஒனக்கு?”

எல்லாரும் சிரித்தார்கள். “கையில தச்சதுக்கா” என்றேன்.

“அது பாத்தாலே தெரியுதே. சரி, நாய்க்கு ஒரு விரிப்பு வேணும்னு சொல்லிட்டிருந்தோம். சரியாப் போச்சு.”

இன்னும் பெரிய சிரிப்பு. என் வீட்டுக்காரரும் சிரித்தார். இன்றைக்குக் கேட்டாலும் “நானா? சிரிச்சேனா?” என்பார். சிரித்தார். பல் தெரியச் சிரித்தார். அந்தப் பாக்கி அவரோடு தனியாக இருக்கிறது.

அது வேடிக்கைப் பேச்சு என்றுதான் நினைத்து மனதைத் தேற்றிக்கொண்டேன். அப்புறம் ஆடிப்பூரத் தேருக்குப் போனபோது அந்த வீட்டுக்குள் நுழைகிறேன், மாடிப்படிக்கு அடியில் கிளி கிடக்கிறது. கிளியின்மேல் அவர்கள் வீட்டு நாய். எங்கள் ராஜபாளையம் ஜாதி நாய்தான், உடம்பெல்லாம் வெள்ளை, மூக்கு மட்டும் ரோஸ். அந்த வீட்டில் நான் கொண்டுபோன பொருளை மதித்து அனுபவித்த ஒரே ஜீவன் அது என்பதால் அதன்மேல் எனக்கு வருத்தம் கிடையாது. நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

ஊர் திரும்பியதும் மும்தாஜ் வாசலுக்கே வந்துவிட்டாள். “விரிச்சிருக்காகளா?”

“விரிச்சிருக்காக.”

“யாரு படுக்கா? அந்தக்காவா, அவிய வீட்டுக்காரவியளா?”

எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. சொன்னேன். அவள் முதலில் சிரித்தாள். பிறகு உள்ளே போய் மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். சுவருக்கு இந்தப் பக்கம் நான் அடுப்பைப் பற்றவைக்காமல் அந்த மெஷின் சத்தத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில்தான் முடிவு செய்தேன், சந்திராக்காவை விடுவதில்லை என்று.

எப்படி என்று யோசித்தேன். சண்டை போடலாம். ஆனால் சண்டையில் அவள்தான் ஜெயிப்பாள், குரல் அப்படி. அப்போதுதான் அவள் ஹால் ஞாபகம் வந்தது. சோபாவில் கடையில் போட்டுவந்த பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் வைத்திருந்தாள். உட்கார்ந்தால் கரகரவென்று சத்தம் போடும், வேர்க்கும். கண்ணாடி அலமாரிக்குள் பீங்கான் கப்புகள், அவற்றை யாரும் வெளியே எடுத்துப் பார்த்ததில்லை. அந்த ஹாலுக்கு ஆட்கள் வந்துகொண்டே இருக்க வேண்டும், வந்து வியக்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அந்த ஆட்கள்தான். அந்த ஆட்களையே எடுத்துவிடுவது என்று தீர்மானித்தேன்.

அப்படி ஆரம்பித்ததுதான் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள். விருந்து என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். பாயை விரித்துப் போடுவேன். மொச்சைப்பயறோ கடலையோ பெரிய சட்டியில் வேகும். முதலில் வருபவர் வெங்காயம் நறுக்க வேண்டும், இரண்டாவது வருபவர் தேங்காய் துருவ வேண்டும். கருப்பட்டி போட்ட வரக்காப்பி, டம்ளர் போதாமல் ஒரே டம்ளரை அலசி அலசிக் கொடுப்போம். மாங்காய்க் காலத்தில் சப்பட்டைக் காயைக் கீறி உப்பும் மிளகாய்ப்பொடியும் தடவி முறத்தில் வைத்தால் செத்த நேரத்தில் முறம் காலி. கட்டின லுங்கியோடு வரலாம், போட்ட நைட்டியோடு வரலாம். எதிர்வீட்டு சீதம்மா ஆவக்காய் கொண்டுவருவார். அவர்கள் வீட்டில் தெலுங்கு. “கூச்சோண்டி, கூச்சோண்டி” என்று என் வீட்டுக்கு வந்தவர்களை அவரே உட்காரச் சொல்லி உபசரிப்பார். மில்லில் மேஸ்திரியாக இருந்த ஜெபமணி அண்ணன் பாடுவார். எந்தப் பாட்டுக்கும் இரண்டாவது வரி தெரியாது. அதனால் முதல் வரிகளாகவே ஒரு மணி நேரம் பாடுவார்.

கிளம்பும்போது ஆளுக்கு ஒரு பாட்டில். ஹார்லிக்ஸ் பாட்டிலில் மாங்காய்த் தொக்கு, இல்லையென்றால் நார்த்தங்காய் ஊறுகாய். மூடிக்குமேல் கம்பெனியில் கழித்த பேண்டேஜ் துணியை வட்டமாக வெட்டிக் கவிழ்த்து, மில் நூலால் மும்தாஜ் ஒரு முடிச்சுப் போடுவாள், பூ மாதிரி விரியும். “ஊறுகாய்க்கு என்னம்மா அடிபட்டிருச்சா, கட்டுப் போட்டிருக்க?” என்று ஜெபமணி அண்ணன் ஒவ்வொரு வாரமும் கேட்பார். ஒவ்வொரு வாரமும் நாங்கள் சிரிப்போம்.

எல்லாரும் என்னை நல்ல மனசுக்காரி என்றார்கள். என் மனசு எனக்குத்தானே தெரியும்! செட்டியார்பட்டியில் இருந்த சின்ன மாமியார் குடும்பத்தைக் கூப்பிட்டேன். அவர்கள் வந்தார்கள், பிறகு கூப்பிடாமலே வந்தார்கள். வில்லிபுத்தூரில் சந்திராக்கா தெருவில் இருந்த சொந்தங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அவள் வீட்டுக்கு இடப்பக்க வீடு, வலப்பக்க வீடு, எதிர்வீடு. மூன்று வீட்டு அடுப்படியிலும் என் பாட்டில் கட்டுப் போட்டுக்கொண்டு நின்றது. அவளை மட்டும் கூப்பிடவில்லை. “நீ போகலையா சந்திரா?” என்று யாராவது அவளிடம் கேட்டார்கள் என்று காதில் விழுந்தால் அன்றைக்கு ராத்திரி எனக்கு நல்ல தூக்கம்.

எதிர்பாராத லாபம் பெரியத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, “இந்தப் பக்கம் நூல் பார்ட்டியப் பாக்க வந்தேன், அப்பிடியே எட்டிப் பாத்தேன் தாயி” என்று தயங்கித் தயங்கி நின்றார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டச் சொன்னேன். மொச்சையைத் தின்றார், வரக்காப்பி குடித்தார், பாயில் சாய்ந்தார், குறட்டை விட்டார். அவர் வீட்டில் அவர் எங்கே சாய்வது? அடுத்தடுத்த வாரங்களில் ராஜபாளையத்தில் நூல் பார்ட்டிகள் பெருகிக்கொண்டே போனார்கள்.

ஒரு நாள் தெருவில் பிள்ளைகள் “காரு, காரு” என்று கத்தினார்கள். வாசலில் சந்திராக்கா. பட்டுச்சேலை, கையில் கடைப் பால்கோவாப் பெட்டி. உள்ளே பார்த்தாள். பெரியத்தான் பனியனோடு, முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். யாரோ தட்டி எழுப்ப, துள்ளி எழுந்து சட்டையைத் தேடினார்.

“பார்ட்டியப் பாக்கப் போறேன்னுட்டு இங்க வந்து படுத்துக் கெடக்கீகளா?” என்றாள்.

ஜெபமணி அண்ணன் மெல்ல, “நாங்கதாம்மா அந்தப் பார்ட்டி” என்றார். யாரும் சிரிக்கவில்லை.

எவ்வளவு நாளாகக் காத்திருந்தேன் தெரியுமா அந்த நிமிஷத்துக்கு! “வாங்கக்கா, வாங்க” என்று ஓடிப்போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்தேன். எங்கள் வீட்டில் நாற்காலி கிடையாது. மும்தாஜ் வீட்டுக்காரர் கடையிலிருந்து ஒன்று வரவழைத்து, முந்தானையால் துடைத்து, எல்லாரும் பாயில் உட்கார்ந்திருந்த கூட்டத்துக்கு நட்ட நடுவில் போட்டேன்.

“வேண்டாம்ட்டி, நானும் கீழயே உக்காந்துக்கிடுதேன்.”

“ஐயையோ, பட்டுச்சேலை கட்டிட்டுத் தரையிலயா? நீங்க நாற்காலியில உக்காருங்கக்கா.”

உட்கார்ந்தாள். நாற்காலியில் ஒரு ஆள் இருந்தால் பாயில் இருப்பவர்களுக்குக் காலை நீட்ட வராது. ஜெபமணி அண்ணனுக்கு முதல் வரியும் மறந்துபோனது. கடைக்கு ஆளனுப்பி கிரீம் பிஸ்கெட்டும் ஒரு பாட்டில் கலர் சோடாவும் வாங்கினேன். சீதம்மா வீட்டிலிருந்து பூப்போட்ட தட்டு இரவல் வாங்கி, அதில் அடுக்கி, குனிந்து நீட்டினேன். மற்றவர்களுக்கு நடுவில் மொச்சைச் சட்டி கைமாறிக்கொண்டிருந்தது. சந்திராக்காவின் கண் சட்டி போகும் திசையிலேயே போனது.

“மொச்ச வாசன நல்லாருக்கே” என்றாள்.

“அது ஒங்களுக்கு ஒத்துக்கிடாதுக்கா. நீங்க பிஸ்கெட் எடுத்துக்கிடுங்க.”

மும்தாஜ் என் சேலையைப் பிடித்து இழுத்தாள். “போதும்ட்டி” என்று காதில் சொன்னாள். நான் யாருக்காக இதையெல்லாம் செய்கிறேனோ அவளே சொல்கிறாள். எனக்குக் கேட்கவில்லை. கேட்டது, நான் கேட்டுக்கொள்ளவில்லை.

எல்லாரும் கிளம்பினார்கள். ஆளுக்கு ஒரு பாட்டிலாக எடுத்துக் கொடுத்தேன். பெரியத்தானுக்கும் கொடுத்தேன். சந்திராக்காவுக்கு மட்டும் உள்ளே போய், எங்கள் கல்யாணத்துக்கு வந்து பிரிக்காமலே கிடந்த ஒரு சுவர்க் கடிகாரத்தை, ஜிகினாத் தாள் சுற்றியபடியே கொண்டுவந்து நீட்டினேன்.

அவள் அதை வாங்கவில்லை. “எனக்கு அந்த ஊறுகா பாட்டில் கெடையாதாட்டி?” என்று கேட்டாள். அவள் குரலை அத்தனை சின்னதாக நான் கேட்டதேயில்லை.

“அது வீட்டாளுகளுக்குக்கா” என்றேன்.

கடிகாரத்தை வாங்கிக்கொண்டு காரில் ஏறினாள். அந்த முகத்தை நான் இன்றைக்கும் வேண்டும்போது எடுத்துப் பார்த்துக்கொள்கிறேன்.

பிறகு நடந்ததைப் பெரியத்தான்தான் சொன்னார். வில்லிபுத்தூர் கோபுரம் தெரிகிற இடத்தில் சந்திராக்கா கையை நீட்டி, “அந்தப் பாட்டிலத் தாங்க” என்றாளாம். நூலைப் பல்லால் கடித்துப் பிரித்து, காரிலேயே விரலை விட்டுத் தொக்கை எடுத்து நக்கினாளாம். ஒரு வாய், இன்னொரு வாய். கண்ணில் தண்ணீர். காரமா என்று கேட்டாராம். “உப்பு கொஞ்சம் தூக்கல்” என்றாளாம்.

உப்பு தூக்கலா! அதற்கும் சேர்த்து எனக்குக் கோபம் வந்தது.

அந்தப் பொங்கலுக்கு அவளிடமிருந்து ஒரு பொருள் வந்தது. அவளே பின்னிய ஒயர் கூடை. பச்சையும் வெள்ளையும். ஒரு பக்கம் சரிந்து, கைப்பிடி ஒன்று நீளமாக ஒன்று குட்டையாக. அதுவரை ஊசியில் நூல் கோத்துப் பழகாத விரல்கள் எத்தனை தடவை பிரித்துப் பின்னியிருக்கும் என்று பார்த்ததுமே தெரிந்தது. மும்தாஜ் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “பாவம்ட்டி, அடுப்படியில மாட்டு” என்றாள். நான் கொல்லைப்புறத்தில், கக்கூஸ் சுவரில் ஆணி அடித்து மாட்டி, தேய்க்கிற நாரையும் பவுடரையும் அதில் போட்டுவைத்தேன். அடுத்த முறை சந்திராக்கா வந்தபோது கால் கழுவப் போனவள் அதைப் பார்த்தாள். சரிந்த பக்கத்தைக் கையால் நிமிர்த்திவிட்டு வந்தாள்.

நான் மன்னித்துவிட்டேன் என்று இங்கே எழுதினால் படிக்கிற உங்களுக்கு இதமாக இருக்கும். மன்னிக்கவில்லை. அதற்குப் பிறகு அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் வரத்தான் செய்தாள், பருத்திச் சேலையில் வந்தாள், நாற்காலி ஒவ்வொரு தடவையும் தயாராக இருந்தது. ஜெபமணி அண்ணன் ஒருநாள், “அந்தம்மாவ எறக்கிவிடேன்” என்றார். மும்தாஜ் பல நாள் சொன்னாள். நான் இறக்கவில்லை. பாட்டில் மட்டும் கொடுக்க ஆரம்பித்தேன், அதுவும் பேண்டேஜ் துணி கட்டாமல், வெறும் மூடியோடு.

இப்போது அந்த வரிசை வீடுகள் இல்லை. இடித்துத் தள்ளி, பக்கத்துக் கல்யாண மண்டபத்துக்கு வண்டி நிறுத்த இடமாக்கிவிட்டார்கள். மில் சங்கு ஊதுவதில்லை. மும்தாஜ் மகனோடு திருப்பூருக்குப் போனாள், போன் நம்பர் மாறி மாறி ஒரு கட்டத்தில் எந்த நம்பரும் இல்லாமல் போயிற்று. சீதம்மா போய்ச் சேர்ந்துவிட்டார். ஜெபமணி அண்ணனும் போய்விட்டார். பெரியத்தான் போன அன்று, “ஒங்க பாயிலதான் நல்லாத் தூங்குவாக” என்று சந்திராக்கா என் தோளில் அழுதாள். யார் வீட்டுக்கும் யாரும் சும்மா போவதில்லை இப்போது. போன் செய்து, இருக்கிறீர்களா என்று கேட்டு, நேரம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். விசேஷ வீட்டிலும் மண்டப வாசலிலேயே ஒரு பையைக் கையில் திணித்துவிடுகிறார்கள், எல்லாருக்கும் ஒரே பை. எங்கள் வீட்டில் மகன் வாங்கிப்போட்ட சோபா இருக்கிறது. அதற்கு உறை தேடி வாங்கிப் போட்டது யார் என்று கேட்காதீர்கள்.

சந்திராக்கா மகனோடு பெங்களூரில், ஏதோ ஒரு மாடியில். காலையில் அவர்கள் வேலைக்குப் போனால் அவள் தனிதான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தவறாமல் போன் செய்வாள். போன ஞாயிறும் செய்தாள். என் மருமகளும் மகனும் அன்று காலையில்தான் கோயம்புத்தூருக்குக் கிளம்பிப் போயிருந்தார்கள். நானும் அவரும் டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தோம்.

“என்னட்டி, யாரெல்லாம் வந்திருக்காக?” என்று கேட்டாள்.

“எல்லாரும்தான்க்கா. வீடு கொள்ளல.”

“மொச்சையா?”

“மொச்சதான். இந்தா, எறக்கப் போறேன்.”

“சத்தத்தையே காணுமே?”

நான் பதில் தேடுவதற்குள் என் வீட்டுக்காரர், நான் கேட்காமலே, ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினார். ஏதோ சிரிப்பு நிகழ்ச்சி. பெரிய கூட்டம் கைதட்டிச் சிரித்துக்கொண்டிருந்தது.

“ஆமா, இப்பக் கேக்கு” என்றாள் சந்திராக்கா. “சரி, வந்தவியளக் கவனி. நான் வைக்கேன்.”

ஆனால் வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. யாரென்றே தெரியாத அந்த ஜனங்கள் சிரித்து முடிக்கும்வரை இரண்டு பேரும் போனைக் காதில் வைத்தபடியே இருந்தோம்.